மற்ற ஆக்கள் எல்லாரும் எடுத்தா?

2023 ஜூன் 28, புதன்கிழமை. விடியற்காலை ஆறரை இருக்கும், யாழ்ப்பாணத்து ஏழாலையிலிருந்து பெரியம்மா போன் எடுத்தார்.

"பிள்ளை, நாளையில இருந்து அஞ்சு நாளைக்கு பாங்க் எல்லாம் பூட்டாம். பெரியவன் ராத்திரி கனடாவில இருந்து அடிச்சவன். காசை எடுத்து வையுங்கோ அம்மா எண்டு நிக்கிறான். என்ன செய்யிறது?"

ஐந்து நாள் என்பது உண்மைதான். வியாழன் ஹஜ் பெருநாள். வெள்ளி விசேட வங்கி விடுமுறை என்று அறிவித்திருந்தார்கள். பிறகு சனி, ஞாயிறு. திங்கள் போயா, பௌர்ணமி விடுமுறை. அரசாங்கம் உள்நாட்டுக் கடனை மறுசீரமைக்கப் போகிறது, அதாவது நாட்டுக்குள் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கும் நிபந்தனைகளை மாற்றப் போகிறது, அதற்குள் நிதிச் சந்தைகள் குழம்பாமல் இருக்க அவகாசம் வேண்டும் என்றார்கள். வைப்புகளில் கை வைக்கமாட்டோம் என்று மத்திய வங்கி ஆளுநர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் அந்தச் செய்தி ஏழாலைக்கு வந்து சேருவதற்கு முன்னரே டொரொண்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வைபரில் வேறு செய்தி வந்துவிட்டது.

பெரியம்மாவுக்கு வயது 74. ஒரே வங்கியில் இரண்டு நிலையான வைப்புகள் வைத்திருந்தார். ஒன்று 10 இலட்சம், மற்றது 4 இலட்சம். பெரியப்பா இருந்த காலத்தில் வெங்காயத் தோட்டத்தில் மிச்சம் பிடித்ததும், பிள்ளைகள் அனுப்பியதும், தோட்டக் காணியைக் குத்தகைக்கு விட்டு வந்ததும் சேர்ந்த காசு. 1995 போர்க்கால இடப்பெயர்வில் அவர் வங்கிப் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டு சாவகச்சேரி வரை நடந்தவர். அடுத்த வருடம் திரும்பி வந்து புத்தகத்தை நீட்டினபோது கணக்கு அப்படியே இருந்ததாம். அதனால் வங்கி என்றால் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. அப்படிப்பட்டவரே பயந்துவிட்டார்.

ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு சுன்னாகம் போனேன். வங்கி திறக்க இன்னும் நேரம் இருந்தது. காங்கேசன்துறை வீதி ஓரமாக நாற்பது பேர் அளவில் நின்றார்கள். சந்தைக்கு மரக்கறி கொண்டுவந்தவர்கள், ஓய்வூதியக்காரர், கைக்குழந்தையோடு ஒரு பெண். ஒருவரும் சத்தம் போடவில்லை. ஒவ்வொருவரும் முன்னால் எத்தனை பேர் என்று எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறவள். வகுப்பில் சொல்வதுபோல அவருக்கும் சொன்னேன். "பெரியம்மா, இந்த வங்கிக்கு ஒண்டும் நடக்கேல்லை. நீங்களும் எடுக்காமல், இவையளும் எடுக்காமல் இருந்தா ஒரு பிரச்சினையும் வராது."

அவர் என்னைப் பார்த்தார். "அது சரி பிள்ளை. மற்ற ஆக்கள் எல்லாரும் எடுத்தா?"

என்னிடம் உடனே பதில் இல்லை. அந்தக் கேள்வியைத்தான் டக்ளஸ் டயமண்ட், பிலிப் டிப்விக் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1983 இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். அதற்காகவே 2022 ஒக்டோபரில், பென் பெர்னான்கியோடு சேர்த்து, பொருளியலுக்கான நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. நாங்கள் எரிபொருளுக்கு கியூஆர் குறியீடு காட்டிக்கொண்டு நின்ற காலம் அது. பரிசுச் செய்தியை வாசித்தபோது, இது எங்களைப் பற்றியதல்லவா என்று எனக்குப் பட்டது.

அந்தக் கட்டுரையின் கணக்கை நான் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக் கொடுப்பேன். ஓர் ஊரில் 100 பேர். ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டு ஒரு வங்கி. மொத்தம் ஒரு இலட்சம். வங்கி அதைத் தோட்டக்காரருக்குக் கடனாகக் கொடுக்கிறது. இரண்டு வருடம் பொறுத்தால் 1,000 ரூபாய் 2,000 ஆகத் திரும்பும். இடையில் கேட்டால் போட்ட 1,000 மட்டும்தான் வரும். முற்றாத வெங்காயத்தைக் கிண்டினால் விதைக்காசு வந்தாலே பெரிய காரியம் என்று எங்கள் தோட்டக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்த 100 பேரில் யாருக்கு இடையில் வருத்தம் வரும், யாருக்குக் கலியாணச் செலவு வரும் என்று முன்கூட்டியே தெரியாது. ஆனால் ஒரு 20 பேருக்குத் தேவைப்படும் என்று வங்கிக்குத் தெரியும். ஆகவே வங்கி சொல்கிறது: இடையில் வந்து கேட்டால் 1,250 தருவேன், கடைசிவரை பொறுத்தால் அதைவிடக் கூடத் தருவேன். 20 பேர் மட்டும் வந்தால் 25,000 போகும். மிச்சம் 75,000 இரண்டு வருடத்தில் ஒன்றரை இலட்சம் ஆகும். பொறுத்த 80 பேருக்கும் ஆளுக்கு 1,875. எல்லாருக்கும் நல்லது. தனித்தனியாகக் காசை வைத்திருந்தால் அவசரக்காரருக்கு 1,000 மட்டும்தான். வங்கி என்ற ஏற்பாடு அவர்களுக்குள் ஆபத்தைப் பகிர்ந்து கொடுக்கிறது.

சரி, இப்போது பெரியம்மாவின் கேள்வி. எல்லாரும் வந்தால்? கையிலிருப்பது ஒரு இலட்சம். ஆளுக்கு 1,250 கொடுத்தால் 80 பேரோடு பெட்டி காலி. வரிசையில் 81 ஆவதாக நிற்பவருக்கு ஒரு சதமும் இல்லை. 60 பேர் வந்தால்கூட மிச்சம் 25,000 தான், அது 50,000 ஆகி, பொறுத்திருந்த 40 பேருக்கும் அதே 1,250. அதற்கு மேல் ஓர் ஆள் வந்தாலும் பொறுத்தவருக்கு நட்டம். ஆகவே 60 பேருக்கு மேல் வருவார்கள் என்று நீங்கள் நினைத்தால், நீங்களும் போய் வரிசையில் நிற்பதுதான் புத்தி.

இதில் ஒரு கெட்டவனும் இல்லை என்பதைத்தான் நான் வகுப்பில் அழுத்திச் சொல்வேன். வங்கி களவு செய்யவில்லை. தோட்டக்காரன் ஏமாற்றவில்லை. வரிசையில் நிற்பவர் முட்டாளும் இல்லை. ஒரே ஊர், ஒரே வங்கி, ஒரே கடன். எல்லாரும் பொறுத்தால் பொறுப்பது சரி, எல்லாரும் ஓடினால் ஓடுவது சரி. இரண்டும் சமநிலைதான் என்று அந்த இருவரும் கணிதத்தில் காட்டினார்கள். எது நடக்கும் என்பது மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பதில் தங்கியிருக்கிறது.

அதனால்தான் "வதந்திகளை நம்ப வேண்டாம்" என்ற அறிவித்தல் எனக்குக் கோபத்தைத் தருகிறது. பயப்படுகிறவரைப் பார்த்துப் பயப்படாதே என்கிறார்கள். பெரியம்மா வதந்தியை நம்பினாரா இல்லையா என்பது ஒரு விஷயமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் நம்பியிருப்பார் என்று அவர் நினைத்தால் போதும், அவர் வரிசைக்கு வரத்தான் வேண்டும்.

அப்படியானால் மருந்து என்ன? கட்டுரை சொல்லும் மருந்து, வைப்புக் காப்புறுதி. மற்றவர்கள் என்ன செய்தாலும் உன் காசு உனக்குண்டு என்று நம்பத்தகுந்த ஒருவர் முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட்டால், மற்றவர்களைப் பார்த்து ஓட வேண்டிய காரணம் போய்விடும். ஒருவரும் ஓடாவிட்டால் அந்த வாக்குக்காக ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டிவராது. என் வாசிப்பில் பொருளியலில் இதைவிட அழகான முடிவு குறைவு. அமெரிக்காவில் 1930 முதல் 1933 வரை ஆயிரக்கணக்கான வங்கிகள் விழுந்த பிறகு, 1934 ஜனவரியில் ஆளுக்கு 2,500 டொலர் வரை காப்புறுதி தொடங்கியது. அங்கே வங்கி வாசல் வரிசைகள் பல பத்தாண்டுகளுக்குக் கிட்டத்தட்ட மறைந்தே போயின.

ஆனால் வாக்கு அரைகுறையாக இருந்தால் வேலை செய்யாது. 2007 செப்டெம்பரில் இங்கிலாந்தில் நோதர்ன் ரொக் வங்கியின் வாசல்களில் ஆட்கள் விடியற்காலையிலேயே வந்து நின்ற படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். அப்போது அங்கேயும் வைப்புப் பாதுகாப்பு இருந்தது. முதல் 2,000 பவுண் முழுமையாக, அடுத்த 33,000 பவுணுக்கு 90 வீதம். பத்து வீதத்தை இழப்போம் என்று தெரிந்த ஒருவர் வரிசைக்கு வராமல் என்ன செய்வார்? நிதியமைச்சர் அலிஸ்ரயர் டார்லிங் எல்லா வைப்புக்கும் அரசு பொறுப்பு என்று சொன்ன பிறகுதான் வரிசை கரைந்தது. சில நாட்களில் 35,000 பவுண் வரை முழுப் பாதுகாப்பு என்று திட்டத்தையே மாற்றினார்கள்.

எங்கள் நாட்டில் 2002 ஒக்டோபரில் பிரமுக வங்கியின் அனுமதி இடைநிறுத்தப்பட்டபோது வைப்பாளரின் காசுக்கு இப்படியொரு காப்புறுதி இருக்கவில்லை. 2008 டிசெம்பரில் கோல்டன் கீ என்ற கடனட்டைக் கம்பனி விழுந்தது. அதே குழுமத்தைச் சேர்ந்தது என்ற காரணத்தால் செலான் வங்கியிலிருந்து மக்கள் காசை எடுக்கத் தொடங்கினார்கள். மத்திய வங்கி தலையிட்டு நிர்வாகத்தை இலங்கை வங்கியிடம் கொடுத்த பிறகு அந்த வங்கி தப்பியது. பெயரின் நிழல் பட்டதற்கே ஒரு வங்கி ஆட்டம் கண்ட கதை அது. அதற்குப் பிறகு, 2010 ஒக்டோபரில், இலங்கையில் வைப்புக் காப்புறுதித் திட்டம் வந்தது. முதலில் ஆளுக்கு 2 இலட்சம் ரூபாய். 2021 இலிருந்து 11 இலட்சம். ஒரு வைப்பாளருக்கு, ஒரு நிறுவனத்துக்கு. மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் கட்டுப்பணம் செலுத்தி இதில் கட்டாயம் சேர வேண்டும்.

இந்த வாக்கு சட்டப்படி இருக்கிறது. சுன்னாகம் வரிசையில் நின்ற எத்தனை பேருக்கு அது தெரிந்திருந்தது? பெரியம்மாவுக்குத் தெரியாது. அடுத்த கிழமை என் வகுப்பில் 32 பிள்ளைகளைக் கேட்டேன். இரண்டு பேர் கை உயர்த்தினார்கள், அதில் ஒருவருடைய தகப்பன் வங்கியில் வேலை. பொருளியல் படிக்கிற பிள்ளைகள் இவர்கள். டயமண்ட், டிப்விக் கணக்கில் வைப்புக் காப்புறுதி மனங்களில்தான் வேலை செய்கிறது. எனக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. எனக்கு முன்னால் நிற்பவருக்கும் பின்னால் நிற்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவர்களுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத வாக்கு வரிசையைக் கலைக்காது. வர்த்தமானியில் அச்சடித்தால் காரியம் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இந்தக் கட்டுரையை ஒருமுறை வாசிக்க வேண்டும். கல்லாவுக்கு மேலே, பெரிய எழுத்தில், தமிழில், 11 இலட்சம் என்று எழுதிப்போட எவ்வளவு செலவாகும்?

இன்னொன்றையும் அதே இடத்தில் எழுத வேண்டும்: எதற்கெல்லாம் இந்தக் காப்புறுதி இல்லை என்று. எங்கள் ஊர்களில் காசு வங்கியில் மட்டும் இருப்பதில்லை. சீட்டு இருக்கிறது, கூட்டுறவுக் கிராமிய வங்கி இருக்கிறது, சிக்கனக் கடனுதவிச் சங்கம் இருக்கிறது, அடைவுகடையில் நகை இருக்கிறது. ஒன்றும் இந்தக் குடையின் கீழ் இல்லை. என் அம்மா பிடித்த சீட்டு ஒன்று பத்தாவது மாதம் நின்றுபோனது. சீட்டு நடத்தியவரின் வீட்டுப் படலையில் பூட்டு. பதினைந்து பெண்கள் அந்தப் படலைக்கு முன்னால் நின்றதை நான் பார்த்தேன். அவர்களுக்கு வாக்குக் கொடுத்தவர் ஒருவரும் இல்லை.

காப்புறுதிக்கும் ஒரு விலை உண்டு. காசு பத்திரம் என்று தெரிந்தால் வைப்பாளர் வங்கியைக் கண்காணிக்கமாட்டார், யார் கூட வட்டி தருகிறாரோ அங்கே போவார். வங்கியும் அந்தக் காசை ஆபத்தான இடங்களில் போடத் துணியும். ஒழுங்குவிதிகள் வருவது இந்த இடத்தில்தான். நட்டம் வந்தால் முதலில் தாங்குவது பங்குதாரரின் காசாக இருக்கட்டும் என்று மூலதனப் போதுமை விதி. 30 நாள் நெருக்கடியைத் தாங்கும் அளவுக்கு உடனே விற்கக்கூடிய சொத்தை வைத்திரு என்று திரவத்தன்மை விதி. 1974 இல் ஜேர்மனியில் ஹேர்ஸ்ரற் வங்கி விழுந்த பிறகு உருவான, பல நாட்டு வங்கி மேற்பார்வையாளர்கள் சேர்ந்த பாசல் குழுதான் இவற்றை எழுதிக்கொண்டு வருகிறது. இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம், ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

வாக்குக் கொடுத்தவரே நொடித்துப்போனால்? 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்தியது. அதற்கு நான்கு நாள் முன்னர் மத்திய வங்கி மற்ற வட்டிகளுக்கு அடிப்படையான கொள்கை வட்டி வீதத்தை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். அந்த வருடம் முழுவதும் ஒரு வங்கியும் விழவில்லை. பெரியம்மாவின் புத்தகத்திலும் ஒரு சதம் குறையவில்லை. ஆனால் அந்தப் 14 இலட்சத்துக்கு வாங்கக்கூடிய அரிசியும் பால்மாவும் குறைந்துபோயின. காப்புறுதி எண்ணைத்தான் காக்கும், அதன் பெறுமதியைக் காக்காது.

உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகளிடமிருந்த ரூபாய்த் திறைசேரி முறிகளை, அதாவது அரசாங்கம் கடன் வாங்கிக் கொடுத்த பத்திரங்களை, தொடவில்லை. தொட்டால் வங்கிகள் பலவீனமாகும், மக்கள் ஓடுவார்கள் என்பது காரணம். படித்தவள் என்ற முறையில் அந்தக் காரணத்தை நான் ஏற்கிறேன். ஆனால் சுமை எங்கே போனது? ஊழியர்களின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியத்துக்கு. அதன் பழைய முறிகளுக்குப் பதிலாக, 2025 வரை 12 வீதமும் பிறகு 9 வீதமும் தரும் புதிய முறிகள் கொடுக்கப்பட்டன. என் தம்பி ஒரு தனியார் நிறுவனத்தில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறான். அவனுடைய சேமலாப நிதியை முழுதாக எடுக்க 55 வயதாக வேண்டும். அவன் எந்த வரிசையில் போய் நிற்பான்? ஓட முடிந்தவர்களின் காசைக் காப்பாற்ற, ஓட முடியாதவர்களின் காசு பயன்பட்டது. நிதி உறுதிப்பாடு என்ற சொல்லை இனி எந்த ஆய்வில் வாசித்தாலும் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். யாருடைய உறுதிப்பாடு என்று கேட்காமல் அந்தச் சொல்லைப் படிப்பிக்க என்னால் இப்போது முடிவதில்லை.

திரும்பவும் வரிசைக்கு வருகிறேன். வங்கி திறந்து, ஆட்கள் நகரத் தொடங்கிவிட்டார்கள். அப்போதுதான் எனக்குக் காப்புறுதி ஞாபகம் வந்தது. ஓடிவந்த அவசரத்தில் அதை மறந்தே போனேன்.

"பெரியம்மா, பாங்குக்கு ஏதும் நடந்தாலும் 11 லட்சம் வரைக்கும் சட்டப்படி உங்களுக்கு வரும். மற்றவை எடுத்தாலும் சரி, எடுக்காட்டியும் சரி."

"ஆர் தருவினம்?"

"மத்திய வங்கியில அதுக்கெண்டு ஒரு நிதி கிடக்கு."

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். கைப்பையைத் திறந்து இரண்டு வைப்புச் சான்றிதழையும் எடுத்துப் பார்த்தார். "அப்ப மிச்சம் மூண்டு லட்சம்?"

நான் சிரித்துவிட்டேன். அந்த வருடம் மார்ச்சில்தான் அமெரிக்காவில் சிலிக்கன் வலி (Silicon Valley) வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டொலரை எடுக்க ஆட்கள் போனில் விண்ணப்பித்து, மறுநாள் அந்த வங்கி மூடப்பட்டது. அங்கே இருந்த வைப்புகளில் பெரும்பகுதி 250,000 டொலர் என்ற காப்புறுதி எல்லைக்கு மேலே இருந்தவை. கோடிக்கணக்கில் காசு வைத்திருந்த கம்பனிக்காரர் போட்ட அதே கணக்கைப் பெரியம்மா சுன்னாகத்தில் நின்று போட்டுவிட்டார்.

பின்னால் நின்ற பெண், குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு கேட்டார். "அக்கா, அந்த 11 லட்சம் எல்லா பாங்குக்கும் சேர்த்தோ, ஒவ்வொண்டுக்குமோ?"

"ஒவ்வொண்டுக்கும் தனித்தனி."

"அப்ப என்ர ரெண்டு லட்சத்துக்கு ஒரு பயமுமில்லை என்ன?"

"ஒரு பயமுமில்லை."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். முன்னால் இருந்தவர்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு குழந்தையின் தலையில் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு சந்தைப் பக்கமாக நடந்து போனார்.

பெரியம்மா போகவில்லை. கல்லாவில் 4 இலட்சம் வைப்பை உடைத்தார். முதிர்வுக்கு முன் எடுப்பதால் வட்டி குறையும் என்று அங்கே இருந்த பிள்ளை பணிவாகச் சொன்னார். பரவாயில்லை என்றார். 10 இலட்சத்தை அப்படியே விட்டார். ஐந்து நாளும் அந்தக் காசு அரிசி வாளிக்குள் கிடந்தது. செவ்வாய்க்கிழமை, ஜூலை 4, வங்கிகள் வழமைபோலத் திறந்தன. அடுத்த நாள் இரண்டாவது வங்கியில் அவருக்கு ஒரு புதுக் கணக்குத் திறந்து கொடுத்தேன். ஜூன் தொடக்கத்தில் மத்திய வங்கி கொள்கை வட்டியைக் குறைத்திருந்தது, அந்தக் கிழமையும் மறுபடி குறைத்தது. ஆகவே உடைத்த வைப்புக்கு இருந்த வட்டி புதியதற்குக் கிடைக்கவில்லை.

"நட்டப்பட்டுப் போனன் என்ன?" என்று திரும்பி வரும்போது ஸ்கூட்டியின் பின்னாலிருந்து கேட்டார்.

"நீங்க செய்தது சரி பெரியம்மா" என்றேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.